உழைச்செல்வான் எங்கே?

நீரிழிவைப் பற்றி மேடையேறிப் பேசுவோர் பலர் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைத் துணைக்கு அழைப்பர். அளவறிந்து உண்ணாதவனே நோயை வரவழைத்தான் என்று தீர்ப்பும் வழங்குவர். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளையோ அவர்கள் தீண்டுவதில்லை. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவும் உழைச்செல்வான் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது வள்ளுவர் வகுத்த முறை. அந்நான்கனுள் நோயுற்றவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எவ்வகை அறம்?

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயதுவந்த இந்தியருள் 17.2 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாகியிருந்தனர். சீனருள் அது 9.7 விழுக்காடு. 2016இல் சுகாதார அமைச்சு இந்நோயின்மீது போரே அறிவித்தது. குறைந்த வருமானக் குடிமக்கள் தனியார் மருந்தகங்களிலும் சலுகை பெறச் சமூகச் சுகாதார உதவித் திட்டம் வழிசெய்துள்ளது. இவற்றின் பயனை மறுப்பார் இலர். எனினும், சலுகை மருந்தின் விலையைத்தான் குறைக்கும். மணிக்கணக்கில் கூலி பெறுவோர் மருந்தகத்தில் காத்திருந்து இழக்கும் அரைநாள் ஊதியத்தை யார் ஈடுசெய்வார்?

தேக்கா வட்டாரத்தில் விடியுமுன் தரை துடைக்கும் முதியவருக்கு மலிவாகக் கிடைப்பவை வெள்ளைச் சோறும் புரோட்டாவும் இனிப்புத் தேநீருமே. தீட்டாத அரிசியின் விலையோ கூடுதல். இன்சுலின் போட்டபின் உணவு தாமதித்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். வேலையிடத்தில் விழுந்துவிடுவோம் என்றஞ்சி ஊசியைத் தவிர்ப்பாரும் உளர். சர்க்கரை நெடுநாள் உயர்ந்திருந்தால் நரம்பு நலிந்து பாதம் மரத்துப்போகும். காலணிக்குள் பட்ட புண் தெரியாமலே முற்றும். முடிவில் காலையே இழக்க நேரும். இத்துணைக்கும் நாச்சுவை ஒன்றே காரணமாமோ? நீரிழிவு விழிப்புணர்வுக் கூட்டம் முடிந்ததும் கேசரி பரிமாறும் சங்கங்கள் இதற்கு விடை கூறட்டும்!

உழைச்செல்வான் என்பவர் செவிலியர் மட்டுமல்லர். ஆங்கிலத்தில் வரும் மருந்தகக் கடிதத்தைப் படித்துச் சொல்லும் பேரனும், நாள்தோறும் தந்தையின் பாதத்தில் புண் உண்டா எனப் பார்க்கும் மகளும், பரிசோதனைக்குச் செல்லும் நாளில் கூலியை வெட்டாத மேற்பார்வையாளரும் உழைச்செல்வாரே. அந்த நான்காம் உறுப்பு இன்மையால்தான் ஏழையின் மருத்துவம் முடமாகிக் கிடக்கிறது.

அக்குறளுக்குத் தேர்வில் பிழையின்றிப் பொருள் எழுதும் மாணவர் வகுப்புதோறும் உளர். வீட்டில் பாட்டி மாத்திரை உண்டாரா என்று அம்மாணவரிடம் கேட்கும் ஆசிரியர் எத்தனை பேர்? மதிப்பெண்ணோடு முடியும் குறட்கல்வி எவர் நோயையும் தீர்க்காது. இனி மேடையேறுவோர், நோயாளி என்ன உண்டார் என்று வினவுமுன், அவருக்குத் துணை நின்றவர் யார் என்று வினவுக.