காசநோயைக் குறைத்தது சாப்பாடு மட்டும்தானா?

ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகு முன்பே மேலை நாடுகளில் காசநோய்ச் சாவுகள் பெருமளவு குறைந்திருந்தன. இது உண்மை. ஆனால் இதை வைத்து, நோயைக் குறைத்தது நல்ல சாப்பாடுதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரச் சுகாதாரத் துறைகள் பட்ட பாடெல்லாம் வீண் என்கிறார்கள் சிலர். பிரிட்டிஷ் மருத்துவ அறிஞர் தாமஸ் மெக்கீயோன் 1970களில் எழுதியவை இந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தன. சுகாதாரச் செலவை வெட்ட நினைப்பவர்களுக்கு இது வசதியான வாதம் என்பதாலேயே இதை மறுத்தாக வேண்டும்.

1882இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறியும் முன்பே இங்கிலாந்தில் சாவு விகிதம் இறங்கத் தொடங்கிவிட்டது என்பது அவர்களின் முதல் சான்று. இறக்கத்தைத் தொடங்கிவைத்த காரணமே கடைசிவரை அதை நடத்தியது என்பதற்கு இது எப்படிச் சான்றாகும்? உணவு உதவியதை நான் மறுக்கவில்லை. முதல் உலகப் போரில் பட்டினி கிடந்த ஜெர்மனியில் காசநோய்ச் சாவு ஏறியது. ஆனால் இருமும் தாயின் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையைச் சாப்பாடு மட்டுமே காப்பாற்றிவிடாது.

அன்றைய நடவடிக்கை என்றால் எச்சில் துப்பாதே என்ற பலகைதான் என்றும் சொல்கிறார்கள். எடின்பரோவில் மருத்துவர் ராபர்ட் பிலிப் 1887இல் தொடங்கிய காசநோய் மருந்தகத்தைப் பாருங்கள். நோயாளி வந்ததோடு வேலை முடியவில்லை. செவிலியர் வீட்டுக்கே போனார். கூட இருந்தவர்களையும் பரிசோதனைக்கு அழைத்தார்கள். நியூயார்க்கில் நகரச் சுகாதாரத் துறையின் ஹெர்மன் பிக்ஸ் 1894இல் இலவசச் சளிப் பரிசோதனையைக் கொண்டுவந்தார். 1897இல் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் மருத்துவர்கள் தெரிவிக்க வேண்டும் என்பது கட்டாயமானது. மருத்துவர்களே கடுமையாக எதிர்த்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. நோய் யாரிடம் இருக்கிறது என்று தெரியாத ஊரில் அதை எப்படித் தடுப்பது? இன்றைய காசநோய்த் திட்டங்களும் சளிப் பரிசோதனையையும் வீட்டாரைத் தேடிப் பரிசோதிப்பதையும் கைவிடவில்லை.

காசநோயாளிகளைத் தங்கவைத்த சானடோரியங்கள் நோயைக் குணமாக்கவில்லையே என்றால், பெரும்பாலும் இல்லைதான். ஆனால் மருந்தில்லாத காலத்தில், சளியில் கிருமி உள்ள ஒருவர் நெரிசலான வீட்டைவிட்டு விலகியிருந்த ஒவ்வொரு மாதமும் வீட்டாருக்குப் பாதுகாப்பு. ஏழைகளைக் கட்டாயப்படுத்தி அடைத்துவைத்த கொடுமையும் நியூயார்க்கில் நடந்தது. அதை நியாயப்படுத்த மாட்டேன். அதற்காகச் சளிப் பரிசோதனையும் வீட்டுக்கு வந்த செவிலியரும் பயனற்றுப் போய்விடுமா?

உணவே போதும் என்ற வாதம் நொறுங்குவது பாலில். குழந்தைக்குப் பாலைவிடச் சத்தான உணவு எது? அந்தப் பாலில்தான் மாட்டுக் காசநோய்க் கிருமி வந்தது. குழந்தைகளுக்குக் கழுத்தில் கட்டியும் எலும்பில் நோயும் கண்டன. மாட்டு நோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று கோக்கே 1901இல் சொன்னார். பிரிட்டனின் அரச ஆணையம் பத்தாண்டு ஆராய்ந்து, அது தவறென்று 1911இல் அறிவித்தது. சிகாகோ 1908இலேயே, சோதிக்கப்படாத மாடுகளின் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்காமல் (பாஸ்சரைஸ் செய்யாமல்) விற்கக் கூடாதென்று ஆணையிட்டிருந்தது. டொராண்டோ நகரமும் பாஸ்சரைஸ் செய்வதைக் கட்டாயமாக்கியது. பின்னாளில் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் ஆராய்ந்தபோது, மாட்டுக் கிருமி தொற்றியிருந்த குழந்தைகள் பச்சைப் பால் குடித்தவர்களாகவே இருந்தார்கள்.