குசும்பா விதையும் எண்ணெயும்

சோலாப்பூர், விஜயபுரா ஜில்லாக்களின் கரிசல் நிலத்தில், மழை ஓய்ந்த பின் மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே விளைவது குசும்பா. அதன் ஆணிவேர் ஆழச் சென்று நீரைத் தேடும். இத்தகைய வறண்ட பிரதேசங்களுக்கு உகந்த ரகம் எது என்பதை விதையின் எடையை மட்டும் கொண்டு தீர்மானிப்பது நியாயமாகாது.

அன்னிகேரி 1, பீமா ஆகிய பழைய ரகங்களில் எண்ணெய் சுமார் 30 சதவிகிதம். பல்டனில் உருவான நாரி 57 ரகத்திலோ 35 சதவிகிதத்துக்கு மேல். ஒரே பரப்பில் பழைய ரகம் 10 குவிண்டாலும் புதியது 9 குவிண்டாலும் விளைவதாகக் கொள்வோம். கிடைக்கும் எண்ணெய் முறையே 300 கிலோ, 315 கிலோ. தேசத்துக்கு லாபம், குடியானவருக்கோ ஒரு குவிண்டால் விலை நஷ்டம். ஏனெனில், ஆதரவு விலை குவிண்டாலுக்கு இவ்வளவு என்றே பிரகடனம் செய்யப்படுகிறது.

சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து தருவிக்கும் நமக்கு இது அடுக்குமா? எண்ணெய்ச் சத்தைச் சோதித்து அதற்கேற்ற விலை தருவதே சர்க்காரின் கடமை. தராசு எடையை மட்டும் பார்க்கும் வரையில், நல்ல ரகம் ஆராய்ச்சிப் பண்ணையைத் தாண்டிக் குடியானவரின் வயலை அடையாது.