சோப்புக்கு உண்டு காவல்! ஓட்டுக்கு இல்லையா?

2021-ம் ஆண்டு மே மாதம். கொரோனாவில் உலகமே ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நேரம்.

பிரான்ஸ் நாட்டில் யூடியூப்பில் அறிவியல் பேசுகிறவர் லியோ கிராசே. 10 லட்சம் பேருக்கு மேல் அவர் பேச்சைக் கேட்கிறார்கள். அவருக்கு ஒரு இ-மெயில் வந்தது. அனுப்பியது "ஃபாஸ்" என்ற விளம்பர ஏஜென்சி.

விஷயம் இதுதான். பைசர் தடுப்பூசி போட்டவர்கள்தான் அதிகம் சாகிறார்கள் என்று வீடியோவில் பேச வேண்டும். பேசினால் பணம்!

ஒரு நிபந்தனை. "விளம்பரம்" என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. ஜனங்கள் மேல் உள்ள அக்கறையில் தானாகவே சொல்வது மாதிரி பேச வேண்டும். பணம் கொடுக்கும் புள்ளி யார்? அது ரகசியம்!

கிராசே மசியவில்லை. விஷயத்தை ஊரறியப் போட்டு உடைத்தார். ஜெர்மனியில் மிர்கோ ட்ரோச்மான் என்பவரும் அதையே செய்தார். குட்டு வெளிப்பட்டது.

இந்தியாவுக்கும் குறி

அதே ஆண்டு ஆகஸ்டில் பேஸ்புக் கம்பெனி விசாரணை அறிக்கை வெளியிட்டது. ஃபாஸ் ஏஜென்சி, பிரிட்டனில் பதிவான ஒரு கம்பெனியின் கிளை. வேலை நடந்தது பெரும்பாலும் ரஷியாவில் இருந்து என்றது அந்த அறிக்கை.

குறி வைத்த நாடுகளில் முக்கியமானது இந்தியா! அஸ்ட்ராஜெனிகா ஊசி போட்டால் மனுஷன் குரங்காகி விடுவான் என்று படம் போட்டுப் பரப்பினார்கள். அந்த ஊசிதான் இங்கே புனேயில் தயாரான கோவிஷீல்டு. நம் ஜனங்கள் கியூவில் நின்று கையை நீட்டிப் போட்டுக்கொண்ட அதே ஊசி!

குரங்குப் படத்தை அதிகம் பேர் சீந்தவில்லை. சிரித்துவிட்டுப் போனார்கள். நாலு பேர் நம்புகிற முகத்தைத் தேடியும் ஏஜென்சி பணப்பையோடு கிளம்பியது.

கூட்டத்தில் ஒரு கூட்டாளி

பஜாரில் லேகியம் விற்பவனின் பேச்சைப் பாதி தள்ளித்தான் கேட்போம். அவன் வியாபாரி. ஆனால் கூட்டத்தில் இருந்து ஒருத்தன் வந்து, "எனக்கு மூட்டுவலி போயே போச்சுங்க" என்பான். உடனே பத்துப் பேர் சட்டைப்பையில் கையை விடுவார்கள். வந்தவன் லேகியக்காரனின் கூட்டாளி என்று தெரிந்தால் ஒரு டப்பா விற்குமா?

ரகசியப் பணத்தின் வேலை இதுதான். காசு வாங்கிக்கொண்டு பேசுவது குற்றம் இல்லை. அது தொழில். பேப்பரில் விளம்பரம் வருகிறது. கொடுத்தது யார் என்று படிக்கிறவருக்குத் தெரிகிறது. கூட்டாளி என்பதை மறைக்கிறானே, அங்கேதான் மோசடி!

அந்தப் பக்கமும், இந்தப் பக்கமும்

அரசியலிலும் இந்த வேலை நடக்கிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு கோர்ட்டில் ஒரு வழக்கு போட்டது. ரஷிய அரசு டி.வி.யின் ஊழியர்கள் 2 பேர், சுமார் 1 கோடி டாலரை டென்னசி மாநிலத்தில் உள்ள ஒரு கம்பெனி வழியாக இறக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நம்ம கணக்கில் ஏறத்தாழ 84 கோடி ரூபாய்! அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கியவர்கள் பிரபல வலதுசாரிப் பேச்சாளர்கள். அவர்கள் மீது வழக்கு இல்லை. "பணம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கே தெரியாது, ஏமாந்துவிட்டோம்" என்றார்கள்.

எதிர்ப்பக்கம் மட்டும் சுத்தமா? 2025 ஆகஸ்டில் "வயர்டு" பத்திரிகை இன்னொரு கதையை எழுதியது. ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களுக்கு மாதம் 8 ஆயிரம் டாலர் வரை, அதாவது சுமார் 7 லட்சம் ரூபாய், கொடுக்க ஒரு திட்டம். பணம் யாருடையது என்று வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம். "அவர்கள் கருத்தில் நாங்கள் தலையிடவில்லை" என்றது அந்தத் திட்டத்தை நடத்திய அமைப்பு. தலையிடவில்லை என்றால் மறைப்பானேன்?

ஓட்டை எங்கே?

இந்தியாவில் மத்திய அரசு 2023 ஜனவரியில் விதிமுறை வெளியிட்டது. காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பற்றிப் பேசினால் அது விளம்பரம் என்று பளிச்சென்று சொல்ல வேண்டும். மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்பத் திரும்ப மீறினால் 50 லட்சம்!

நல்ல விதி. ஆனால் அது நுகர்வோர் சட்டத்தின் கீழ் வந்தது. சோப்பு, ஷாம்பு, சேவை இவற்றுக்குத்தான் காவல். கட்சியும் கொள்கையும் கடைச் சரக்கு இல்லையே!

சமூக வலைத்தளச் செலவையும் வேட்பாளர் கணக்கில் காட்ட வேண்டும் என்று நம் தேர்தல் கமிஷன் 2013-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு போய்ச் சேருவது ஆபீஸ் பைலுக்கு. பஸ்சில் நின்றுகொண்டே செல்போனில் வீடியோ பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அப்புறம், தேர்தல் இல்லாத காலத்துக்கு என்ன கணக்கு?

"இப்படிக் கட்டுப்பாடு போட்டால் பேச்சுரிமை போய்விடும்" என்பார்கள். யாரும் வாயை மூடச் சொல்லவில்லை. பேசட்டும். புகழட்டும். திட்டட்டும். "இது இன்னார் கொடுத்த பணம்" என்று வீடியோ தொடங்கும்போதே ஒரு வரி சொல்லிவிட்டுப் பேசட்டும். அதிலும் ஏஜென்சி பெயர் போதாது. அதற்குப் பின்னால் இருக்கும் புள்ளியின் பெயர் வேண்டும்.

அந்த ஒரு வரியால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்கள், கிராசேக்கு வந்த நிபந்தனையை நினைத்துப் பார்க்கட்டும். கோடிக்கணக்கில் பணம் வைத்திருப்பவர்கள் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் பயப்படவில்லை. "விளம்பரம்" என்ற ஒரு வார்த்தைக்குத்தான் பயந்தார்கள். அந்த வார்த்தையை அரசியல் பேச்சுக்கும் கட்டாயமாக்குங்கள்!