திருப்பும் கையும் பார்க்கும் கண்ணும்

சேலம் ஜங்ஷன் இருப்புப்பாதைகள் பல கூடிப் பிரியும் இடமாகும். ஜோலார்ப்பேட்டையிலிருந்து வரும் பாதை, ஈரோட்டிற்குச் செல்லும் பாதை, விருத்தாசலத்திற்குச் செல்லும் பாதை, ஓமலூர் வழியாக மேட்டூருக்கும் தருமபுரிக்கும் செல்லும் பாதை ஆகியவற்றுடன், இராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் காவிரியைக் கடந்து கரூரை அடையும் பாதையும் 2013ஆம் ஆண்டு முதல் அங்கே பிரயாணிகளுக்குப் பயன்பட்டு வருகின்றது. இவ்வழிகளிற் செல்லும் வண்டிகளின் வேகத்தையும் நீளத்தையும் கண்டு வியப்பவர் பலர். வண்டி இவ்வழியே போவதா, அவ்வழியே போவதா என்பதை முடிவு செய்யும் சிறிய இரும்பு நாக்கை நோக்குவார் மிகச் சிலரே. ஆயிரக்கணக்கான மக்களின் உயிர் ஒரு முழ நீளத்துக்கும் குறைந்த அசைவை நம்பி நிற்கின்றது என்பதை நாம் நினைப்பதேயில்லை.

அந்த நாக்கைத் திருப்பும் தொழிலைப் பற்றி யாம் இங்கு ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. இக்காலத்தில் யந்திரத்தைப் பற்றி இரண்டு கட்சியினர் பேசக் கேட்கின்றோம். யந்திரம் வந்துவிட்டது, இனி மனிதன் கண்ணும் கையும் வேண்டுவதில்லை என்பர் ஒரு சாரார். யந்திரத்தை நம்பியதனாலேயே கேடுகள் விளைகின்றன, பழைய வழியே நன்று என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியும் பொருந்தாதன என்பது எம் கருத்து. அதனை மெய்ப்பிக்க, நம் சமவெளியில் என்றும் ஓடாத ஒரு வண்டியின் வரலாற்றைத் துணைக்கு அழைக்கின்றோம். அதுவே மின்சார டிராம் வண்டி.

பெர்லின் நகரை அடுத்த லிக்டர்பெல்டே என்னுமிடத்தில் 1881ஆம் ஆண்டு சீமென்ஸ் என்பார் மின்சார டிராமை ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் ரிச்மண்டு நகரில் 1888ஆம் ஆண்டு பிராங்க் ஸ்பிரேக் என்னும் பொறியியலார் அதனை ஒரு நகரமெங்கும் பயன்படும்படி செய்தார். அதன் பின் ஏழே ஆண்டுகளில், 1895 மே 7ஆம் தேதி, சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. லண்டன் மாநகரத்துத் தெருக்களில் அது முறையாக ஓடத் தொடங்கியது 1901ஆம் ஆண்டிலேயே. சென்னையில் முதலில் மின்சாரம் தெருவிற்கு அடியில் அமைத்த குழி வழியே வண்டிக்கு ஊட்டப்பட்டது. மழைக்காலத்து வெள்ளம் அதற்கு இடையூறாயிற்று; ஆகவே பின்னர்த் தலைக்கு மேல் கம்பி கட்டினர். கல்கத்தா 1902இலும், பம்பாய் 1907இலும் மின்சார டிராமைப் பெற்றன. சென்னை டிராம் 1953 ஏப்ரல் 12ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பம்பாய் டிராம் 1964இல் நின்றது.

டிராம் பாதைகள் தெருக்கள் கூடும் இடங்களிற் பிரிவன. அங்கே தண்டவாளத்தில் ஒரு கூர் நாக்கு இருக்கும். அதனை இடப்புறமோ வலப்புறமோ ஒதுக்க வேண்டும். ஆதியில் இத்தொழிலைக் கையே செய்தது. ஒன்று, சந்தியில் இதற்கென ஓர் ஆள் நிற்பான். அன்றேல் ஓட்டுபவனோ நடத்துநனோ வண்டியை நிறுத்தி இறங்கி, இரும்புக் கம்பியால் நாக்கை நெம்பித் தள்ளிவிட்டு மீண்டும் ஏறுவான். கல்கத்தாவில் மின்சார டிராம் வந்து நூறாண்டு கழிந்த பின்னரும் பல சந்திகளில் கம்பி ஏந்திய ஆளே நாக்கைத் திருப்பி வந்தான். வெயிலிலும் மழையிலும் போக்குவரத்தின் நடுவே குனிந்து நின்று செய்யும் தொழில் அது. அதனை இனிய பழமை என்று புகழ்வோர், ஒரு நாள் நண்பகலில் சாலை நடுவே நின்று பார்த்துவிட்டுப் புகழ்வாராக.

இவ்விடரை நீக்க மேல்நாட்டார் கண்ட உபாயம் மிக அழகியது. சந்திக்குச் சிறிது முன்னே, தலைக்கு மேலுள்ள கம்பியில், வண்டியின் தொடுகோல் உரசிச் செல்லும்படி ஓர் உலோகத் தகட்டை அமைத்தனர். தண்டவாளத்தின் அருகே தரையினுள் ஓர் இரும்புப் பெட்டியைப் புதைத்து, அதில் மின்காந்தச் சுருள்கள் இரண்டை வைத்தனர். ஓட்டுபவன் விசையைத் திறந்து மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தபடியே அத்தகட்டைக் கடந்தால், மோட்டார் இழுக்கும் மிகுந்த மின்சாரம் ஒரு சுருளின் வழியே பாயும்; அது நாக்கை ஒரு புறம் இழுக்கும். அவன் விசையை மூடிவிட்டு, வண்டி தன் வேகத்திலேயே உருளும்படி விட்டுக் கடந்தால், அம்மிகுந்த மின்சாரம் பாயாது. மற்றொரு சுருள் வேலை செய்து நாக்கை மறுபுறம் இழுக்கும். வண்டியை ஓட்டும் சக்தியே வழியையும் சொல்லிற்று. ஓட்டுபவன் இறங்க வேண்டுவதில்லை. ஆள் நிற்க வேண்டுவதில்லை. புதிய கருவி ஒன்றும் வண்டியில் ஏற்ற வேண்டுவதில்லை. இதனினும் எளிய உபாயம் அரிது.

எனினும் அவ்வுபாயத்தில் ஒரு குறை இருந்தது. அது கட்டளையிட்டதே அன்றிக் கட்டளை நிறைவேறிற்றா என்று கேட்கவில்லை. தெருவின் கல் ஒன்று நாக்கின் இடையே கிடந்தால் சுருள் இழுத்தும் நாக்கு முற்றும் ஒதுங்காது. பெட்டியுள் மழைநீர் புகுந்தால் சுருள் செயலற்றுவிடும். முன்னே கூட்டத்தைக் கண்டு ஓட்டுபவன் தகட்டின் கீழே தற்செயலாக விசையை மூடிவிட்டாலோ, யந்திரம் அதனையும் ஒரு கட்டளையென்றே கொள்ளும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. முன் வண்டி நாக்கை முற்றும் கடக்குமுன் பின் வண்டி தகட்டைத் தொட்டால், முன் வண்டியின் சக்கரங்களுக்கு இடையே நாக்கு திரும்பிவிடும். முன் சக்கரங்கள் ஒரு தெருவிலும் பின் சக்கரங்கள் மற்றொரு தெருவிலுமாக வண்டி குறுக்கே நிற்கும். ஆதலின் வண்டி மேலே நிற்கும்வரை நாக்கு அசையாதபடி பூட்டும் அமைப்புகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. அவ்வளவு செய்தும், ஓட்டுபவன் வேகத்தைக் குறைத்து நாக்கைத் தன் கண்ணால் பார்த்த பின்னரே அதன்மேல் ஏற வேண்டும் என்பதே டிராம் தொழிலின் நடைமுறையாக இருந்தது. கை செய்த வேலையை மின்சாரம் ஏற்றது. கண் செய்த வேலை கண்ணிடமே நின்றது.

நம் சமவெளி உழவர்க்கு இது புதிய பாடம் அன்று. ஜேடர்பாளையத்து இராஜ வாய்க்காலிலோ மோகனூர் வாய்க்காலிலோ தண்ணீர் பாய்ச்சுபவர், மடையை வெட்டிவிட்டு வீட்டிற்குப் போய்ப் படுப்பதில்லை. வரப்பின்மேல் நடந்து சென்று, கடைசிப் பாத்தியில் ஈரம் ஏறிற்றா என்று பார்க்கின்றார். மடை திறந்தது ஒரு செய்தி. பயிருக்கு நீர் சேர்ந்தது வேறொரு செய்தி. முன்னதைக் கொண்டு பின்னதை ஊகித்தவன் பயிர் காய்ந்த பின்னரே தன் பிழையை அறிவான்.

டிராம் மெதுவாகச் செல்வது; ஆதலின் ஓட்டுபவன் கண் அதற்குப் போதும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் விரையும் ரெயில் வண்டிக்கு அது போதாது. நாக்கைக் கண்ட பின் நிறுத்த முயன்றால் வண்டி அதனைக் கடந்து வெகுதூரம் போயிருக்கும். ஆகவே கண்ணின் வேலையையும் யந்திரத்திற்குக் கற்பிக்க வேண்டியதாயிற்று. நாக்கும் கைகாட்டியும் ஒன்றற்கொன்று முரணாகாதபடி இணைத்துப் பூட்டும் முறைக்கு ஜான் சாக்ஸ்பி என்பார் 1856ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உரிமை பெற்றார். பாதையில் வண்டி நிற்பதைத் தண்டவாளமே மின்சாரத்தால் அறிவிக்கும் முறையை வில்லியம் ராபின்சன் 1872ஆம் ஆண்டு அமெரிக்காவிற் கண்டார். இன்று நம் ரெயில் நிலையங்களில் நாக்கைத் திருப்பும் மோட்டார், திருப்புவதோடு நில்லாமல், அது பக்கத் தண்டவாளத்தோடு நன்கு ஒட்டிற்றா, பூட்டு விழுந்ததா என்பதைத் தனிக் கம்பிகளின் வழியே திரும்ப அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பு வந்தாலன்றிக் கைகாட்டி வழிவிடாது.

இதனைச் சோதிக்கும் முறை எளியது, ஆயினும் கடுமையானது. நாக்கின் நுனியிலிருந்து 150 மில்லிமீட்டர் தொலைவில், நாக்கிற்கும் தண்டவாளத்திற்கும் இடையே 5 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் துண்டு ஒன்றை வைத்து மோட்டாரை இயக்குவர். அப்போது பூட்டு விழலாகாது. சரியாய் இருக்கின்றது என்னும் அறிவிப்பும் வரலாகாது. அதாவது, யந்திரம் ஆம் என்று சொல்லுகின்றதா என்று மட்டும் பார்ப்பதில்லை. இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் இல்லை என்று சொல்லுகின்றதா என்று பார்க்கின்றனர். எப்போதும் ஆம் என்றே சொல்லும் யந்திரம், எப்போதும் ஆம் என்றே சொல்லும் ஊழியனைப் போல ஆபத்தானது.

இத்துணை காவலும் இருக்கப் பின் ஏன் விபத்து நேர்கின்றது என்று கேட்கலாம். 2023 ஜூன் 2ஆம் தேதி, ஒரிசாவில் பாலசோர் மாவட்டத்துப் பாஹநகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிரதான வழிக்குரிய பச்சை விளக்கைக் கண்டு விரைந்து வந்தது. நாக்கோ பக்க வழிக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு வண்டி ஒன்று நின்றிருந்தது. மோதலில் 290 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரெயில்வே பாதுகாப்புக் கமிஷனர் விசாரித்து, மின்சுற்றில் முன்னரே செய்யப்பட்ட மாற்றத்திலும், லெவல் கிராசிங் கதவு ஒன்றை மாற்றும் பொருட்டு அக்காலத்தில் நடந்த வேலையிலும் நேர்ந்த குறைகளே காரணம் எனக் கண்டார். இங்கு நாக்கு பழுதுபடவில்லை, மோட்டார் பழுதுபடவில்லை. நாக்கின் நிலையைச் சொல்ல வேண்டிய கம்பியே பொய் சொல்லும்படி மனிதர் கட்டிவிட்டனர். சாட்சி பொய்த்தால் நீதிபதி எவ்வளவு நேர்மையுடையவராயினும் தீர்ப்புப் பிழையாகும் அன்றோ?

இதனைக் கொண்டு மின்சாரப் பூட்டுகளை எடுத்துவிட்டு, விளக்கேந்திய பாயிண்ட்ஸ்மேனிடமே யாவற்றையும் மீண்டும் ஒப்புவிக்க வேண்டும் என்று வாதிப்பது பேதைமை. நாக்கும் கைகாட்டியும் தனித்தனியே மனிதர் கையில் இருந்த காலத்தில், உறக்கமும் மறதியும் எத்தனையோ வண்டிகளைக் கவிழ்த்தன. 1889ஆம் ஆண்டு அயர்லாந்தில் ஆர்மா என்னுமிடத்தில் நேர்ந்த பெருவிபத்தை அடுத்து, பிரிட்டிஷ் பார்லிமெண்டு அவ்வாண்டிலேயே இணைப்புப் பூட்டைச் சட்டத்தினாற் கட்டாயமாக்கியது. அச்சட்டம் காத்த உயிர்கள் மிகப் பல என்பதில் ஐயமில்லை. இரவு முழுவதும் விழித்து நின்ற ஏழைத் தொழிலாளியின் களைப்பின்மேல் பிரயாணிகளின் உயிரை வைப்பது அவனுக்கும் அநீதி, பிரயாணிக்கும் அநீதி.

யாம் வேண்டுவது வேறு. யந்திரத்தின் கட்டளையை ஒருவன் அமைத்தால், அதன் சாட்சியை மற்றொருவன் சோதிக்க வேண்டும். கம்பியை மாற்றியவனே அது சரி என்று கையெழுத்திடும் வழக்கம் எத்தொழிலிலும் இருத்தலாகாது. இரண்டாவதாக, பழுது பார்ப்பவனுக்கு நேரம் கொடுக்க வேண்டும். வண்டி பத்து நிமிஷம் தாமதித்தால் நாம் நிலைய அதிகாரிமேற் சீறுகின்றோம். அச்சீற்றம் படிப்படியாக இறங்கி, இறுதியில் திருகாணியைத் திருகிக்கொண்டிருக்கும் தொழிலாளியின் தலைமேல் விழுகின்றது. வேலையை அரைகுறையாக முடித்துச் சோதனையைப் பிறகு பார்ப்போம் என்று அவன் எழுவானாயின், அக்குற்றத்தில் நம் பொறுமையின்மைக்கும் பங்குண்டு.

மூன்றாவது, கல்வியைப் பற்றியது. நம் நாடு யந்திரத்தொழிலிற் பின்தங்கிய நாடன்று. நாமக்கல்லில் லாரிக்கு உடல் கட்டுகின்றனர். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியா முழுவதும் செல்கின்றன. சேலத்தில் உருக்காலை இருக்கின்றது. கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடியே கைப்பேசியால் இயக்கும் உழவர் இன்று ஊர்தோறும் உளர். அழைத்தவுடன் மோட்டார் ஓடுகின்றது என்று செய்தி வருகின்றது. ஆனால் கிணற்றில் நீர் உண்டா, குழாய் வெடித்ததா, நீர் எவ்வயலிற் பாய்கின்றது என்பவற்றை அச்செய்தி சொல்வதில்லை. பழைய டிராம் நாக்கின் குறையே இங்கும் இருக்கின்றது. இருப்பினும் அதனைக் குறையென்று நம் மாணவர்க்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பௌதிக வகுப்பில் மின்காந்தம் இரும்பை ஈர்க்கும் என்று கற்பிக்கின்றோம். பரீட்சையில் அதற்கே மதிப்பெண் தருகின்றோம். அவ்வீர்ப்புத் தவறினால் எவ்வாறு அறிவோம் என்னும் வினாவையும் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேட்டல் வேண்டும். ஒரு யந்திரம் எவ்வாறு ஓடுகின்றது என்று அறிந்தவன் பாதி கற்றவனே. எவ்வாறு தவறும், தவறியதை எது காட்டும் என்றும் அறிந்தவனே முழுதும் கற்றவன்.

இக்கல்லூரியிலிருந்து வெளியேறும் இளைஞர் பலர் நாளை எஞ்சினீயர்களாகவும், உத்தியோகஸ்தர்களாகவும், ஆசிரியர்களாகவும் கட்டளையிடும் இடங்களில் அமர்வர். உத்தரவு பிறந்தது, பணம் ஒதுக்கப்பட்டது, அறிக்கை வந்தது என்னும் மூன்றும் பச்சை விளக்குகளே. பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகுவது நின்றதா, கடைக்கோடிச் சேரியில் குழாயில் நீர் வந்ததா என்பது நாக்கின் நிலை. விளக்கை மட்டும் பார்த்து ஆள்பவர் பிறரைப் பக்க வழியில் மோதவிடுவர். நண்பர்காள், உங்கள் கட்டளை எவ்வளவு விரைவாகச் சென்றாலும், அது போய்ச் சேர்ந்த இடத்திற்கு ஒரு முறையேனும் நடந்து சென்று பாருங்கள். நீங்கள் செல்ல இயலாதபோது, உள்ளதை உள்ளபடி சொல்ல அஞ்சாத ஒருவரை அனுப்புங்கள். அவர் இல்லை என்று வந்து சொன்னால், அவரைச் சினவாதீர்கள். வண்டியை நிறுத்துங்கள்.