கம்பி போகாத இடத்தில் ஒளி போகட்டும்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர், மின்னணு மோட்டார் இயக்கி ஒன்றின் மின்னோட்டத்தைப் பார்க்க விரும்பி, ஆசிலாஸ்கோப்பின் கறுப்புக் கவ்வியை அதன் சுற்றில் மாட்டினார். 'பட்'டென்று ஓசை, நீலப் பொறி, ஃபியூஸ் போயிற்று. அந்தக் கவ்வி கருவிக்குள் எர்த்துடன் இணைந்திருப்பதை அவர் மறந்துவிட்டார்.

"எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் போதும், சார்" என்றார் பக்கத்திலிருந்தவர். பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். இது பெருந்தவறு. எர்த் இல்லாவிட்டால் கருவியின் உலோகப் பெட்டியிலேயே மின்னழுத்தம் ஏறிவிடும். அதைத் தொடுபவர் கதி என்ன?

சிக்கலைச் சற்று எண்ணிப் பாருங்கள். 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை இயக்கி நேர்மின்சாரமாக்கும்போது ஏறத்தாழ 580 வோல்ட் கிடைக்கிறது. டிரான்சிஸ்டர்கள் அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை இணைத்தும் துண்டித்தும் மோட்டாருக்கு அனுப்புகின்றன. மோட்டாருக்குச் செல்லும் கம்பியில் 1 மில்லிஓம் மின்தடையை வைப்போம். 50 ஆம்பியர் பாய்ந்தால், ஓம் விதிப்படி அதன் முனைகளுக்கிடையே 50 மில்லிவோல்ட்தான் இருக்கும். ஆனால் இரு முனைகளும் சேர்ந்தே 0-க்கும் 580-க்கும் இடையே துள்ளிக்கொண்டிருக்கும்! துள்ளும் காளையின் கொம்பில் ஒட்டிய எள்ளை அளப்பது போன்ற வேலை இது.

இங்கேதான் ஒளி கைகொடுக்கிறது. மின்தடையின் அருகிலுள்ள ஒரு சில்லு, அந்த மில்லிவோல்ட்டை 1, 0 என்னும் குறிகளாக மாற்றுகிறது. அதற்கேற்ப ஓர் ஒளி உமிழ் டையோடு எரிந்து அணைகிறது. எதிர்ப்புறத்திலுள்ள ஒளியுணர் டையோடு அதைப் படிக்கிறது. இடையே இருப்பது ஒளிபுகும் மின்காப்புப் பொருள் மட்டுமே. செய்தி கடக்கிறது, மின்னோட்டம் கடப்பதில்லை.

குறிகள் எதற்கு? ஒளி உமிழ் டையோடு நாளடைவில் மங்கும். ஒளியின் அளவையே செய்தியாகக் கொண்டால் கணக்குத் தவறும். 'ஒளி உண்டா, இல்லையா' என்று மட்டும் கேட்டால், ஓரளவு மங்கினாலும் விடை மாறாது.

இதற்குச் செலவு கூடும் என்பது உண்மை. மின்தடைப் பக்கத்துச் சில்லுக்குத் தனி மின்வழங்கியே வேண்டும். ஹால் விளைவைக் கொண்டு காந்தப்புலத்தின் வழியாகவும் அளக்கலாம். எவ்வழியானாலும் சரி, அளப்பவரையும் அபாயத்தையும் பிரித்து வைப்பதை வீண் செலவு என்று சொல்லாதீர்கள்.

செய்முறைத் தேர்வில் துல்லியத்துக்கு மதிப்பெண் தருகிறோம். பாதுகாப்புக்கும் தரவேண்டும் என்பது என் கருத்து. அதுவரை நீங்களே ஒரு வழக்கத்தை மேற்கொள்ளுங்கள். எந்தக் கருவியை மாட்டும்முன்னும், "இந்தக் கம்பியின் மறுமுனை எங்கே போகிறது?" என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் மாட்டாதீர்கள்.