மானியம் இல்லாத மூணு குழாய்

பட்டணத்துல பால்கனியில போட்டுப் படுக்கறதுக்குன்னு மடக்கு ஸ்டாண்டோட தொங்குபடுக்கை விக்கறாங்க. இரும்புக் கால், நடுவுல வலைத்துணி, வேலை முடிஞ்சா மடக்கிப் பையில போட்டுக்கலாம். விலை ஆயிரக்கணக்குல. கரீபியன் தீவுகள்ல இருந்த பழங்குடி மக்கள் மரத்துக்கு மரம் கட்டிப் படுத்துக்கிட்டு இருந்தத கொலம்பஸ் கூடப் போன ஆளுங்க பாத்து ஐரோப்பாவுக்குக் கொண்டு போனாங்க. 'ஹம்மாக்'ங்கற பேரு கூட அந்த மக்களோடதுதான். மரமே இல்லாத அடுக்குமாடிக்கு வந்ததும் அதுக்குக் கால் மொளைச்சுது. இதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. வாங்குங்க, ஆடுங்க.

எனக்கு ஆத்திரம் வேற எடத்துல. அதே பட்டணத்துல இருந்து வர்றவங்க, எங்க ஊர்ப் பக்கம் வேப்பமரத்துல சேலைத் தூளி தொங்கறதப் பாத்தா வண்டிய நிறுத்திப் படம் புடிக்கறாங்க. 'மண்ணின் வாசம்', 'நம் மரபு'ன்னு ரெண்டு வரி. அந்தத் தூளிக்குள்ள எட்டு மாசக் கைக்குழந்தை காலைல எட்டு மணியில இருந்து கெடக்குது. அதோட அம்மா முன்னூறு அடி தள்ளி மஞ்சக்காட்டுல களை வெட்டிக்கிட்டு இருக்கா. பால் குடுக்க ரெண்டு தரம் வரப்பேறி வந்தா, 'அந்தப் புள்ள பாதி நேரம் மரத்தடியிலதான் நிக்குது'ன்னு தோட்டக்காரர் முணுமுணுப்பாரு. படத்துல இதெல்லாம் விழாது.

இன்னொண்ணும் படத்துல விழாது. அந்த மரம் ஒண்ணுதான் மிச்சம். குமாரபாளையத்துல இருந்து தட்டான்குட்டை, எதிர்மேடு பக்கம் போய்ப் பாருங்க. சேலம் - கோயமுத்தூர் ரோட்ட நாலு வழியாக்கினப்போ ரோட்டோரப் புளியமரங்க போச்சு. அது சர்க்கார் வெட்டுனது. வரப்பு மேல இருந்த வேம்பும் வாகையும் விவசாயிங்களே வெட்டுனது. டிராக்டர் திருப்ப எடைஞ்சல், நெழலடிச்சா பயிர் வராது, வேர் வாய்க்காலுக்குள்ள போகுதுன்னு ஆளுக்கொரு காரணம். கெழக்குக்கரை வாய்க்கால்ல ஆகஸ்ட்டுல தண்ணி விட்டா டிசம்பர் வரைக்கும் நெல்லு, கரும்பு, மஞ்சள்னு கண்ணுக்கெட்டுன தூரம் பச்சை. ஒரு கைக்குழந்தைய நெழல்ல போட எடம் தேடினாத்தான் தெரியும், அந்தப் பச்சையில கெளை ஒண்ணுகூட இல்லைன்னு. தென்னந்தோப்பு இருக்கேன்னு கேப்பீங்க. தென்னைக்குக் கெளை ஏது? ரெண்டு மரத்துக்கு நடுவுல கயிறு கட்டித் தொங்க விட்டா மேல இருந்து மட்டையும் நெத்தும் விழும்.

மரம் இல்லாத காட்டுல என்ன பண்றாங்க? டிராக்டர் டிரெய்லர் நின்னா அதுக்கு அடியில சாக்க விரிச்சுப் படுக்க வெக்கறாங்க. நல்ல நெழலு. டிரைவர் டீ குடிச்சுட்டு வந்து சாவியத் திருப்பறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாப்பாருன்னு ஒரு நம்பிக்கை. இல்லைன்னா ஏழு வயசு அக்காகாரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம கூட்டிட்டு வந்து மடியில போட்டுடறாங்க. களையெடுப்பு சீசன் வந்தா எந்தப் பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு வரலைன்னு வாத்தியார்களக் கேட்டாச் சொல்லுவாங்க.

நெழலே இல்லாம இல்லைங்க, அதையும் மறைக்காமச் சொல்லிடணும். தோட்டத்துக்குத் தோட்டம் சாளை இருக்குது, மோட்டார் ரூம் இருக்குது, முன்னால தகரம் போட்ட தாழ்வாரம் இருக்குது. உரமூட்டை அடுக்கறோம், நாய் படுக்குது. கூலிக்கு வந்த பொம்பளையோட குழந்தை அங்க படுக்கலாமா கூடாதாங்கறது அந்தக் குழந்தை எந்தத் தெருவுல இருந்து வந்துதுங்கறதப் பொறுத்த விசயம். யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. அந்த அம்மாவுக்கே தெரியும், கேக்காமலே மரத்தத் தேடிப் போயிடுவா. தூளிய மரபுன்னு கொண்டாடறவங்க இந்த மரபையும் சேத்துத்தான் கொண்டாடறாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. தமிழ்நாட்டு அரசு வேலையில இருக்கற பொம்பளைங்களுக்கு 2021 ஜூலையில இருந்து பிரசவ விடுப்பு 12 மாசம். தனியார் கம்பெனியில 2017-ல வந்த திருத்தத்துக்கு அப்பறம் 26 வாரம், 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா குழந்தைக் காப்பகமும் வெக்கணும். 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே 30 பொம்பளைங்களுக்கு மேல வேலை பாத்தா குழந்தைங்களுக்குத் தனி அறை வேணும்னு இருந்துது. எல்லாம் நல்ல சட்டம். ஆனா குமாரபாளையம், பள்ளிபாளையத்துல ஒரு சந்துக்குள்ள எட்டுத் தறி, பன்னண்டு தறின்னு ஓடற பட்டறைங்க இந்தக் கணக்குக்குள்ள வராது. களை வெட்டற பொம்பளை எந்தக் கணக்குலயும் வர மாட்டா. ஏழைக் கர்ப்பிணிங்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி பேர்ல 18,000 ரூபாய் உதவி இருக்குது, பணமும் பெட்டகமுமா. உண்மையிலேயே பெரிய உதவிதான், கொறை சொல்ல மாட்டேன். ஆனா அது தீந்ததுக்கு அப்பறம் குழந்தைக்கு அஞ்சாம் மாசமோ ஆறாம் மாசமோ கொத்து கைக்கு வந்துடுது. அங்கன்வாடிக்கு ரெண்டு வயசு ஆகணும். நடுவுல இருக்கற ஒண்ணரை வருசம் யாரோட பொறுப்பு?

நூறு நாள் வேலைக்குன்னு 2005-ல வந்த சட்டத்துல ஒரு நல்ல வரி எழுதி வெச்சிருந்தாங்க. வேலை நடக்கற எடத்துல குழந்தைங்களுக்கு நெழலு இருக்கணும், அஞ்சு குழந்தைங்களோ அதுக்கு மேலயோ வந்தா வேலைக்கு வந்த பொம்பளைங்கள்ல ஒருத்தர அதுங்களப் பாத்துக்க விட்டு அவங்களுக்கும் அதே கூலி குடுக்கணும்னு. எங்க பக்கம் ஏரி கொளம் தூர் வாரற எடத்துல போய்ப் பாத்தா நெழலுன்னு இருக்கறது கரை மேல நிக்கற சீமக்கருவேலந்தான்.

இந்தியாவுல இதுக்கு வழி தெரியாமலும் இல்ல. 1969-ல டில்லி ராஜ்காட் பக்கம் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டட வேலை நடந்தப்போ, சித்தாளுங்க குழந்தைங்க வெயில்லயும் புழுதியிலயும் கெடக்கறதப் பாத்து மீரா மகாதேவன்ங்கற அம்மா அங்கயே ஒரு கூடாரம் போட்டாங்க. 'மொபைல் கிரச்சஸ்' அமைப்பு அப்படித்தான் பொறந்துது. 'குழந்தைய நீ காப்பகத்துக்குக் கொண்டு வா'ன்னு அவங்க சொல்லல. வேலை எங்கயோ அங்க காப்பகம் போச்சு. இப்ப மத்திய அரசு காப்பகத் திட்டத்துக்கு 'பால்னா'ன்னு பேரு வெச்சிருக்காங்க. இந்தியில பால்னான்னா தொட்டில். நம்ம மாநிலத்துல 1992-ல தொட்டில் குழந்தைத் திட்டம் மொதல்ல ஆரம்பிச்சது சேலத்துலதான், அப்ப நாமக்கல்லும் சேலம் மாவட்டத்துக்குள்ளதான் இருந்துது. ரெண்டுமே தேவையான திட்டம். ரெண்டுலயும் தொட்டில் ஒரு கட்டடத்துக்குள்ள இருக்குது. களை வெட்டற ஆளுங்க இன்னிக்கு சமயசங்கிலியில, நாளைக்கு காடச்சநல்லூர்ல. டாடா ஏஸ்ல ஏறி வேலை இருக்கற காட்டுக்குப் போறாங்க. தூளியும் அதே வண்டியில போனாத்தான் ஆகும்.

அதுக்கு வேண்டியது மூணு குழாய்.

ஒரு இஞ்ச் ஜிஐ குழாய் ஒரு நீளம் இருபது அடி வரும். மூணா வெட்டுனா கால் ஒண்ணுக்கு ஆறடி எட்டு இஞ்ச், துண்டு மிச்சம் விழாது. தலைப்புல இருந்து நாலு இஞ்ச் கீழ ஓட்டை போட்டு, மூணுலயும் சேத்து பத்து எம்.எம். கம்பியில ஒரு வளையம் விட்டுப் பத்த வெச்சுக்கணும். வளையம் தாராளமா இருக்கணும், அப்பத்தான் கால் மூணும் விரியும். கால்களுக்கு நடுவுல அஞ்சடி விட்டு நிறுத்தினா உச்சி ஏறக்கொறைய ஆறடி ஒசரத்துல நிக்கும். தூளி அந்த வளையத்துலதான் தொங்கும். குழந்தையோட முதுகு தரையில இருந்து ஒண்ணரை அடிக்குள்ள இருக்கற மாதிரி முடிச்சுப் போடணும், அதுக்கு மேல ஏத்தக்கூடாது. காலுங்க விலகி ஓடாம இருக்க, தரையில இருந்து ஒரு அடி மேல மூணையும் சுத்தி ஒரு சங்கிலி. மறந்தா மொத்தமும் படுத்துக்கும், அதனால இந்தச் சங்கிலிய மட்டும் கழட்ட முடியாத மாதிரி பத்த வெச்சுடறது நல்லது.

வண்டியில கொண்டு போக நீளம் அதிகம்னா ஒவ்வொரு காலையும் நடுவுல வெட்டி, உள்ள ஒரு அடிக்கு முக்கால் இஞ்ச் குழாய் சொருகி, ரெண்டு பக்கமும் போல்ட்டு போட்டுக்கலாம். ஒரு இஞ்ச் குழாய்க்குள்ள முக்கால் இஞ்ச் சரியா எறங்கும். மடக்குனா மூணடி நாலு இஞ்ச்சு, ஒரு சாக்குக்குள்ள போயிடும். பைக்குல பின்னால கட்டலாம். களிமண்ணு ஈரமா இருந்தா கால் எறங்கும், அடியில பலகைத் துண்டு வைக்கணும். வெயில்ல குழாய் சுடும், குழந்தை கை எட்டற ஒசரம் வரைக்கும் சணல் கயிறு சுத்திடணும். எறும்பு ஏறாம இருக்க மூணு காலச் சுத்தியும் சாம்பல். மரத்துல கட்டுன தூளியில இந்த வசதி கெடையாது, கயிறு வழியா மேல இருந்தே எறும்பு எறங்கி வந்துடும்.

நெழலுக்குப் பச்சை வலைய மட்டும் போடாதீங்க. வெயில் உள்ள வந்துடும். பழைய வேட்டி ரெண்டு மடிப்பு போட்டு, காத்துக்கு ஒரு பக்கம் தொறந்து விட்டாப் போதும். லுங்கியும் துண்டும் நெய்யற ஊர்ல துணிக்கா பஞ்சம்?

வேலை முடிஞ்சதும் சோதிக்காமக் குழந்தையப் போடக்கூடாது. 45 கிலோ யூரியா மூட்டையத் தூக்கி வளையத்துல மாட்டி நல்லா ஆட்டி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுடணும். காலைல பத்த வெச்ச எடமும் போல்ட்டும் அசையாம இருந்தாச் சரி. ரெண்டு வயசு வரைக்கும் குழந்தை பத்துப் பன்னண்டு கிலோதான் வரும்.

புதுக் குழாய் வாங்கி, வெல்டிங் கூலி குடுத்து, கயிறு சங்கிலி எல்லாம் சேத்து ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள முடியும். போர்வெல்லுக்குப் பிளாஸ்டிக் குழாய் மாத்தினவங்க மோட்டார் ரூமுக்குப் பின்னால பழைய ஜிஐ குழாய் துருப்புடிச்சுக் கெடக்குது. துரு தின்னு ஓட்டை விழுந்தத விட்டுட்டு நல்லதா எடுத்தா வெல்டிங் கூலி மட்டுந்தான். அதுவும் முடியலைன்னா மூங்கில். மூணு முத்துன மூங்கிலும் நைலான் கயிறும் போதும், சங்கிலிக்குப் பதிலா அடியிலயும் கயிறு. வருசா வருசம் மாத்தணும், அவ்வளவுதான்.

இதச் சொன்னா எங்காளுங்க ரெண்டு பதில் வெச்சிருக்காங்க. 'அந்தக் காலத்துல நாமெல்லாம் இப்படித்தானே வளந்தோம்?' வளந்தோம், அப்ப வரப்புல மரம் இருந்துது, வீட்டுல பாட்டி இருந்தாங்க. இப்ப பாட்டியும் தறிக்கோ நூறு நாள் வேலைக்கோ போறாங்க. இன்னொண்ணு, 'குழந்தையோட வர்றவங்கள நான் கூப்பிடறதே இல்லை.' ஆள் கெடைக்கலைன்னு தெனமும் பொலம்பறதும் இவங்கதான். கைக்குழந்தைய வெச்சிருக்கறவ இருபத்தஞ்சு வயசு, நல்லா வேலை செய்யற வயசு. அவள வேண்டாம்னுட்டு அறுபது வயசு அம்மாவ மஞ்சக்காட்டுல குனிய வெச்சா களை எப்ப முடியும்? நியாயம் பேசினாக் காதுல ஏறாதவங்களுக்கு இந்தக் கணக்காவது ஏறட்டும்.

'சின்னக் குழந்தைய வயக்காட்டுக்குக் கொண்டு வர்றதே தப்பு'ன்னு படிச்சவங்க சொல்லுவாங்க. சரிதான். மருந்தடிக்கற அன்னிக்குக் கொண்டு வரவே கூடாது, ஸ்டாண்டு இருந்தாலும் கூடாது. அந்த அம்மாவுக்குச் சம்பளத்தோட ஒரு வருசம் லீவு வாங்கிக் குடுக்கப் போராடுங்க, நானும் வர்றேன். அந்த லீவு வர்ற வரைக்கும் குழந்தை காட்டுலதான் இருக்கப் போகுது. தூளிய மட்டும் நட்டுட்டு ஆள் இல்லாம விடறதும் தப்பு. நாலு குழந்தை வந்தா ஒரு பொம்பளைக்கு அதுங்களப் பாத்துக்கறதுதான் அன்னிக்கு வேலை, முழுக் கூலி. தூளி ஸ்டாண்ட விட இந்தக் கூலி குடுக்கத்தான் கை வராது. பத்துப் பேர் களை வெட்டற காட்டுல அது ஒரு ஆள் கூலி, அவ்வளவுதான்.

சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிக்கு நூறு சதவீதம் மானியம், மத்தவங்களுக்கு 75. பவர் வீடருக்கு மானியம், ரொட்டவேட்டருக்கு மானியம். வேளாண் பொறியியல் துறை இயந்திரங்கள வாடகைக்கும் விடுது. அந்தப் பட்டியல்ல மண்ணத் தோண்டறதுக்கும் கதிர அறுக்கறதுக்கும் எல்லாம் இருக்குது. ஊராட்சிக்குப் பத்து மடக்குத் தூளி, நூறு நாள் வேலை நடக்கற எடத்துக்கு மூணு, மீதிய விவசாயிங்களுக்கு நாள் வாடகை இல்லாமக் குடுக்கறதுன்னு சேத்தா மொத்தச் செலவு இருபதாயிரம். அடுத்த கிராம சபையில இதத் தீர்மானமா எழுதிக் குடுக்கப் போறேன். எங்க ஊராட்சிக்கு மட்டும் போதாது. பட்டணத்துல இருக்கற உங்கள்ல முக்காவாசிப் பேருக்குச் சொந்த ஊருன்னு ஒண்ணு இருக்குது, அங்க இன்னும் நெலமும் இருக்குது, குத்தகைக்காரரும் இருக்காரு. அடுத்த தரம் குத்தகைப் பணம் வாங்கப் போறப்போ வெல்டிங் பட்டறையில ஒரு மணி நேரம் உக்காந்து ஒரு செட்டு அடிச்சு அவர் கையில குடுத்துட்டு வாங்க. படம் புடிச்சா குழந்தை மொகத்த விட்டுட்டு, அந்த வளையத்தையும் சங்கிலியையும் கிட்டத்துல புடிங்க. பாத்து அடுத்தவங்க செய்யறதுக்கு அதுதான் வேணும்.