வால்வைக் காட்டுங்கள்

ஸ்காபரோவில் நம்மவர் பலர் வாடகைக்கு இருப்பது பேஸ்மென்ட்டில்தான். கடுங்குளிரில் குழாய்க்குள் உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். அதனால் குழாய் வெடித்தால் முதலில் நனைவது அவர்களின் மெத்தையும் பிள்ளைகளின் புத்தகப் பையும். பிரதான வால்வை உடனே மூடினால் சேதம் பாதியில் நிற்கும். தண்ணீர் பிளக் மட்டத்தைத் தொட்டுவிட்டாலோ, மின்சாரத்தை நிறுத்தும்வரை உள்ளே இறங்கவே கூடாது. நனைந்த கார்பெட்டை 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு உள்ள பிள்ளையை அது வாட்டி எடுக்கும். ஆனால் வால்வு இருக்கும் ஃபர்னஸ் அறையைச் சில வீட்டுக்காரர்கள் பூட்டியே வைத்திருக்கிறார்கள். இது தவறு. சாவி கொடுக்கும் அன்றே வால்வைக் காட்டி, ஒருமுறை மூடித் திறக்கவும் பழக்க வேண்டும். வாடகை வாங்குபவரின் கடமை அது.